தேக்கு ஊஞ்சல் பலகையில் கறுப்புக் கறை, வெள்ளை வளையம்: இழைக்காமல் எடுக்க முடியுமா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல் இருக்கிறது. பலகை ஐந்தரை அடி நீளம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்றரை அங்குல கனம். ஒட்டுப்போடாத ஒரே பலகை. சங்கிலி பித்தளைதான். ஆனால் பலகையின் நாலு மூலையிலும் சங்கிலியை மாட்டுகிற கொண்டி, அடியில் இருக்கிற நட்டு எல்லாம் இரும்பு.

வருகிற தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். நலங்கு இந்த ஊஞ்சலில்தான் என்று முடிவாகிவிட்டது. அதற்குள் பலகையைச் சரிசெய்ய ஆசை. இருக்கிற கறைகளைச் சொல்கிறேன்.

நாலு கொண்டியைச் சுற்றியும் கரிக்கறுப்பு. முற்றத்துப் பக்கத்து இரண்டு மூலைகளில்தான் அதிகம், மழைச் சாரல் அடிக்கிற பக்கம் அது. அங்கே கறுப்பு வட்டமாக நிற்காமல், மர ரேகையோடு நூல் நூலாக ஒரு சாண் தூரம் ஓடியிருக்கிறது. நடுப்பலகையில் டபரா வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வளையம். ஓர் இடத்தில் யாருக்கோ ஆரத்தி எடுத்தபோது தட்டு சாய்ந்து வழிந்த சிவப்புக் கறை. தலைமாட்டுப் பக்கம் மாமனார் மத்தியானத்தில் படுத்துப் படுத்து, தலை எண்ணெய் இறங்கி, ஒரு முறம் அகலத்துக்குப் பலகை கறுத்துப் பளபளக்கிறது.

ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். "மெஷினைப் போட்டு மேலாக ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இழைத்துவிட்டு மெலமைன் பாலிஷ் அடித்தால் புதுப்பலகை மாதிரி ஆகிவிடும்" என்றார். மாமியார் கேட்டதுமே முகம் மாறிவிட்டது. "இழைக்கிறதா இருந்தா இப்படியே இருக்கட்டும்" என்கிறார். எனக்கும் மனசு வரவில்லை. இழைக்காமல் இந்தக் கறைகளை எடுக்க வழி இருக்கிறதா?

அடுப்படி அக்கா:

எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, உப்பைத் தொட்டுக் கறுப்பின் மேல் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். காய்ந்ததும் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பலகை மின்னும். எங்கள் வீட்டு மர பீரோவுக்கு வாராவாரம் தேங்காய் எண்ணெய்தான்.

காரைக்குடி பாலிஷ்:

அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பலகை பக்கம் மெஷினைக் கொண்டுபோக விடாதீங்க. உங்க மாமியார் சொல்றதுதான் சரி.

நான் காரைக்குடியில பாலிஷ் வேலை செய்யறேன். எங்க அப்பாவுக்கும் இதே வேலைதான். முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு வர்ற கதவு, பெட்டி, நாற்காலி, ஊஞ்சல்னு சின்ன வயசுலேர்ந்து கைபட்டுக்கிட்டே இருக்கு. அங்க வர்ற பொருள்ல பாதியைப் பார்த்தா வயிறு எரியும். யாரோ மெஷின் போட்டு மேல்தோலை உரிச்சு, பளபளன்னு கண்ணாடி மாதிரி எதையோ அடிச்சு அனுப்பியிருப்பாங்க. தேக்கு பல வருஷம் வெளிச்சமும் காத்தும் பட்டு ஏறுற நிறம் மேல்பரப்புலதான் இருக்கு. ஒரு நூல் இழைச்சா அந்த நிறம் மொத்தமும் சுருளா தரையில கிடக்கும். அப்புறம் எந்தச் சாயம் போட்டாலும் அந்த நிறம் வராது. இன்னொண்ணு, ரேகையோட நூல் நூலா ஓடியிருக்குன்னு சொன்னீங்களே, அந்தக் கறுப்பு ஒரு நூல் ஆழத்தோட நிக்காது. இழைச்ச பிறகும் இருக்கும். இழைச்சதுதான் மிச்சம்.

கறைன்னு யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: கறை பாலிஷ்ல இருக்கா, மரத்துல இருக்கா? பாலிஷ்ங்கிறது ஒரு தாள் கனம்கூட இல்லாத படலம். வெள்ளையா தெரியற கறை அந்தப் படலத்துக்குள்ள. சூடோ ஈரமோ படலத்துக்குள்ள மாட்டிக்கிட்டு, கண்ணாடியில மூச்சு பட்டாப்புல மங்கிப்போயிருக்கும். மரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கறுப்பு அப்படி இல்ல. தண்ணி படலத்தைத் தாண்டி மரத்துல இறங்கி, இரும்போட சேர்ந்து நிறம் மாறிப்போயிருக்கு. இந்த ரெண்டுக்கும் மருந்து வேற வேற. வெள்ளைக்குச் செய்யறதைக் கறுப்புக்குச் செஞ்சா ஒண்ணும் நடக்காது. கறுப்புக்குச் செய்யறதை வெள்ளைக்குச் செஞ்சா நல்லா இருக்கிற மரத்தைக் கெடுத்துடுவோம்.

எலுமிச்சம்பழம் சொன்ன அக்காவுக்கு: எலுமிச்சைப் புளிப்புக்கு இரும்புக் கறையை இளக்குற குணம் கொஞ்சம் உண்டு, அது நிஜம்தான். ஆனா பாலிஷ் இருக்கிற பலகையில தேய்ச்சா சாறு மரத்துக்குப் போய்ச் சேராது. உப்பு சேர்த்தா, போய் இரும்புக் கொண்டியில பட்டு அதை இன்னும் துருவேத்தும். துரு ஏற ஏறக் கறுப்பு கூடும். தேங்காய் எண்ணெய் மரத்து மேல எத்தனை நாள் ஆனாலும் காயாது. ஆளி விதை எண்ணெய் காத்துப்பட்டுக் காஞ்சு தோலாகும், தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. தடவின அன்னிக்கு மின்னும். அப்புறம் தூசியைப் பிடிச்சுப் பிசுக்காகி, வாடை வந்து, நாள்பட்டா அடுத்த பாலிஷே ஒட்டாது. பீரோவைத் துடைக்கக் காஞ்ச பருத்தித் துணி போதும் அக்கா.

அம்மா, நீங்க இப்ப ஒரு சோதனை பண்ணுங்க. காது குடையற பஞ்சுக்குச்சியை, பாலிஷ் கரைக்கிற ஸ்பிரிட்டுல தொட்டு, பலகையோட பக்கவாட்டு விளிம்புல கண்ணுக்குப் படாத இடமா பார்த்து லேசா உருட்டுங்க. பாலிஷ் பிசுபிசுன்னு இளகிப் பஞ்சுல பழுப்பு ஏறினா அது அரக்குப் பாலிஷ், அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம தின்னருக்கு மட்டும் இளகினா லேக்கர். ரெண்டுக்கும் அசையலைன்னா மெலமைனோ பி.யூ.வோ (பாலியூரித்தேன்), இந்தக் காலத்து ரசாயனப் பூச்சு. பார்த்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் சோப்புத் தண்ணி வேண்டாம். அரக்கு கார நீருக்குக் கரையும். பழைய நாற்காலிக் கைப்பிடியில பாலிஷ் போய் வெறும் மரம் தெரியறதுக்குப் பாதிக் காரணம் சோப்பும் சலவைச் சோடாவும்தான்.

காவிரிக்கரை:

ஐயா, மிக்க நன்றி. விளிம்பில் உருட்டிப் பார்த்தேன். உடனே பிசுபிசுத்தது, பஞ்சு தேன் நிறத்தில் வந்தது. மாமியாரிடம் சொன்னேன். "அது அரக்குதான், அந்தக் காலத்தில் ஆள் வந்து கூடத்திலேயே உட்கார்ந்து போட்டார்" என்கிறார். மாமியாரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு வாசனை போகும்வரை ஜன்னலெல்லாம் திறந்து வைத்தார்களாம்.

கறுப்புக்கு என்ன போட வேண்டும்? என் தங்கை ஆக்சாலிக் அமிலம் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறாள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. இன்னொன்று, ஊஞ்சல் தொங்குகிற கூடம் செங்காவி போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை.

வேதியியல் வாத்தியார்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கறுப்பு ஏன் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேக்கு, கருவேலம் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. ஈரத்தில் இரும்பு கரைந்து டானினோடு சேர்ந்தால் கருநீலக் கறுப்பாகிறது. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வினைதான். அதாவது உங்கள் பலகையின் மூலையில் இருப்பது அசல் எழுதுமை. அதனால்தான் துடைத்தால் போவதில்லை. ஆக்சாலிக் அமிலம் அந்த இரும்பைத் தன்னோடு பிணைத்துத் தண்ணீரில் கரையும்படி ஆக்கிவிடுகிறது. கழுவும்போது இரும்பு வெளியேறுகிறது, கறுப்பும் போகிறது.

ஆக்சாலிக் அமிலம் நஞ்சுதான். பிளஸ் டூ ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலுக்கு நாங்கள் மாணவர்களிடம் கொடுக்கிற அதே பொருள். ஆனால் அங்கே கொடுப்பது மிக நீர்த்த கரைசல். பொடியாகக் கையாளும்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும்.

ஆரத்திக் கறை பற்றி: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததால் சிவப்பு. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி வைத்தால் சிவப்பு மாறி வெறும் மஞ்சளாகும். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளுக்கும்.

காரைக்குடி பாலிஷ்:

வாத்தியார் ஐயா அழகா சொல்லிட்டார். மைன்னு சொன்னதைப் படிச்சுட்டு எங்க பட்டறையில பசங்ககிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

அம்மா, அரக்குன்னு தெரிஞ்சது உங்களுக்கு நல்ல சேதி. மெலமைன், பி.யூ. எல்லாம் ஒரு தடவை இறுகிட்டா இறுகினதுதான், ஒரு மூலையில மட்டும் சரிபண்ண முடியாது. அரக்கு அப்படி இல்ல. புதுசா போடுற பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைச்சுக்கிட்டு அதோடயே ஒண்ணாயிடும். எத்தனை வருஷம் கழிச்சும் ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள மரத்து மேலயும் பிடிக்கும். தலைமாட்டுல எண்ணெய் இறங்கியிருக்கிற இடத்துல பி.யூ. சரியா காயாது, பொருக்கு விட்டுடும். அரக்கு நிக்கும். ராஞ்சி பக்கம் பலாச மரத்துலயும் குசும்ப மரத்துலயும் பூச்சி சுரக்கிற பிசின்தான் இது. நம்ம நாட்டுலயே அதிகமா விளையற பொருள். இதை விட்டுட்டு எல்லாரும் மெலமைன் பின்னாடி போறது எனக்கு ரொம்ப வருத்தம். அரக்குல ஒரு குறை உண்டு, மறைக்கல: சூட்டுக்கு இளகும். அதான் டபரா வளையம் விழுது.

வேலையைச் சொல்றேன். வரிசை மாத்தாதீங்க.

முதல்ல சங்கிலியைக் கழட்டி, கொண்டி நட்டு எல்லாத்தையும் உருவிடுங்க. இரும்பு பலகையில இருக்கும்போது எந்தத் தண்ணி வேலையும் கூடாது. பலகையைக் கூடத்துல போட்டுச் செய்யாதீங்க. செங்காவித் தரையோட சிவப்பே இரும்புத் துருவோட நிறம்தான். ஆக்சாலிக் சொட்டினா தரை அங்கங்க வெளுத்துப்போகும், திருப்பிக் கொண்டுவர முடியாது. கொல்லைப்பக்கம் நிழலா, காத்தோட்டமா இருக்கிற இடத்துல, செங்கல் மேல ரீப்பர் கட்டை வச்சு அதுமேல பலகையை வைங்க.

டர்பன்டைன் நனைச்ச துணியால பலகை முழுக்கத் துடைச்சு எடுங்க. இது அரக்கை ஒண்ணும் பண்ணாது, மேல இருக்கிற எண்ணெய், மெழுகு, புகை எல்லாம் வந்துடும். துணி கறுக்கக் கறுக்க மாத்திக்கிட்டே இருங்க. பழைய வீட்டுப் பலகைன்னா பாதி அழகு இந்த ஒரு துடைப்புலயே திரும்பிடும். பல பேர் இதைச் செய்யாமலே பாலிஷ் போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க.

வெள்ளை வளையத்தைத் துடைச்ச பிறகு பாருங்க. லேசான வளையத்துக்கு, ஸ்பிரிட்டைத் துணியில தொட்டு, புறங்கையில தட்டினா ஜில்லுன்னு தெரியணும், ஈரம் நிக்கக்கூடாது, அந்த அளவுல வளையத்து மேல சர்ருன்னு ஒரு இழு இழுத்து எடுத்துடணும். பலகையில துணி நிக்கவே கூடாது, நின்னா ஒட்டிக்கும். படலம் ஒரு கணம் இளகி, மாட்டிக்கிட்ட ஈரம் வெளியே போயிடும். வளையம் உங்க கண்ணு முன்னாடி மறையறதைப் பார்க்கலாம். ஸ்திரிப்பெட்டியை வச்சு எடுக்கலாம்னு சில பேர் சொல்வாங்க. அரக்குக்கு அது வேண்டாம், துணியோட அச்சு பலகையில பதிஞ்சிடும். தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக் காட்டலாம்.

ஆரத்திக் கறைக்கு வாத்தியார் சொன்னதுதான். வினிகர் தொட்டுத் துடைச்சுட்டு, காலை இளவெயில்ல வைங்க. உச்சி வெயில்ல போடாதீங்க, ஒரே பலகை, வளைஞ்சிடும்.

இப்ப கறுப்பு. இதுதான் பொறுமையான வேலை. அமிலம் மரத்தைத் தொடணும்னா நடுவுல பாலிஷ் இருக்கக்கூடாது. கறுப்பு இருக்கிற ரெண்டு முனையிலயும் ஸ்பிரிட் ஊத்தின துணியால அரக்கை இளக்கி, சணல் சாக்குத் துண்டால ரேகையோட தேய்ச்சு எடுங்க. எஃகு நார் எடுக்கவே எடுக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ரேகைக்குள்ள போய் உக்காந்துக்கும், ஈரம் பட்டதும் பலகை முழுக்கப் புள்ளி புள்ளியா கறுக்கும். ஸ்பிரிட் வேலை நடக்கும்போது வீட்டுல சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்துல எரியக்கூடாது.

ஆக்சாலிக் பொடி பெயிண்ட் கடையில கேட்டாலே கொடுப்பாங்க. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடறவங்க வாங்குற அதே பொடிதான். பிளாஸ்டிக் பக்கெட்டுல ஒரு லிட்டர் சூடான தண்ணிக்கு நூறு கிராம். பொடியைத் தண்ணியில போடுங்க, மெதுவா, முகத்தை விலக்கிக்கிட்டு. இரும்புப் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி எதுவும் வேண்டாம், மரக்குச்சியால கலக்குங்க. சின்ன தூரிகையால கறுப்புக் கோடுகள் மேல மட்டும் முதல்ல வைங்க. கொஞ்ச நேரத்துல கறுப்பு சாம்பலாகி, சாம்பல் பழுப்பாகும். காய விட்டுத் திரும்பவும் வைங்க. கறுப்பு நல்லா இளகின பிறகு, அதே கரைசல்ல பாதி தண்ணி சேர்த்து, அந்த முனை முழுக்க ஒரு விளிம்புலேர்ந்து மறு விளிம்பு வரைக்கும் ஒரே சீரா தடவுங்க. இது எதுக்குன்னா, புள்ளியில மட்டும் வச்சு நிறுத்தினா கறுப்பு வட்டம் இருந்த இடத்துல வெளுப்பு வட்டம் வந்து நிக்கும்.

பிறகு நல்ல தண்ணியால பல தடவை கழுவணும். கடைசியில ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா போட்டு ஒரு துடைப்பு, அதுக்கு மேல நல்ல தண்ணி. சோடாவைக் கூட்டாதீங்க, காரம் அதிகமானா தேக்கு கறுக்கும். காஞ்ச பிறகு வெள்ளை வெள்ளையா பொடி பூத்திருந்தா அது மிச்சமிருக்கிற அமிலம். உலர்ந்த துணியால தட்டாதீங்க, மூக்குல போனா எரியும். ஈரத் துணியால எடுத்துத் திரும்பக் கழுவுங்க. ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடிச்ச பலகை கிண்ணமா வளையும், அதனால அடிப்பக்கத்தையும் ஈரத்துணியால துடைச்சு, பலகையை விளிம்புல நிறுத்தி ரெண்டு பக்கமும் காத்து படும்படி நிழல்ல காயப் போடுங்க. அவசரப்படாதீங்க, கைக்குக் காஞ்சாப்புல தெரிஞ்சாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

காஞ்சதும் கை வச்சா சொரசொரன்னு முடி எழுந்திருக்கும். 320 நம்பர் உப்புத்தாளைக் கையில மடிச்சு ரேகையோட லேசா ஒரு தடவு தடவினா போதும். அதுக்கு மேல வேண்டாம்.

தலைமாட்டுக் கறுப்பைப் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். அதை எடுக்காதீங்க. டர்பன்டைன்ல சாக் பொடியைக் குழைச்சு அப்பினா கொஞ்சம் எண்ணெய் உறிஞ்சும், எடுக்கணும்னு நினைச்சா பாதி எடுக்கலாம். ஆனா அது மரத்தைக் கெடுக்கல. மேல் பிசுக்கை மட்டும் துடைச்சுட்டு அரக்கு போட்டா ஆழமான நிறமா, அழகா தெரியும். உங்க மாமியார்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க.

அம்பத்தூர் பிளாட்:

நல்ல இழை. நடுவில் ஒரு சந்தேகம். ஷோரூமில் வாங்கிய எங்கள் டைனிங் டேபிளில் குக்கரை வைத்ததில் பெரிய வெள்ளைப் படை விழுந்துவிட்டது. இதே ஸ்பிரிட் வைத்தியம் பலிக்குமா?

காரைக்குடி பாலிஷ்:

தம்பி, முதல்ல அதே பஞ்சுக்குச்சி சோதனை. ஷோரூம் டேபிள்னா அரக்கா இருக்காது. வெள்ளைப் படைன்னா முதல்ல வாசலைனைத் தடவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில துடைங்க. மங்கலா மிச்சமிருந்தா வெள்ளைப் பற்பசையைத் தொட்டு, ரேகையோட, மெதுவா. அதுக்கும் போகலைன்னா படலமே வெந்திருக்கு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. உப்புத்தாள் போடாதீங்க. இப்ப வர்ற டேபிள்ல பலதும் மேல ஒட்டின மரத்தோல்தான், மில்லிமீட்டர்ல பாதிகூட இருக்காது. ரெண்டு தேய்ப்புல அடியில இருக்கிற பலகை தெரிஞ்சிடும்.

காவிரிக்கரை:

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். கணவரும் நானும் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு.

டர்பன்டைன் துடைப்பிலேயே அசந்துவிட்டோம். நடுப்பலகையில் பூப்பூவாக ரேகை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். வளையங்கள் நீங்கள் சொன்னபடியே இழுத்த இழுப்பில் போயின. ஒன்று மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. ஆரத்திக் கறை மஞ்சளாகி, காலை வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்து, இப்போது இடம் தெரியவில்லை. முற்றத்துப் பக்கத்து மூலைகளுக்குத் திரும்பத் திரும்ப அமிலம் வைக்க வேண்டியிருந்தது. நூல் கோடுகளில் ஒன்றிரண்டு பழுப்பாக நிற்கின்றன, மற்றதெல்லாம் போய்விட்டது. ஆனால் அந்த முனைகள் பலகையின் மற்ற இடத்தைவிட வெளுப்பாக, வைக்கோல் நிறத்தில் இருக்கின்றன. இதை எப்படிச் சரிக்கட்டுவது? பாலிஷை நாங்களே போடலாமா, ஆள் வைக்கட்டுமா?

தலைமாட்டுக் கறுப்பைப் பற்றி மாமியாரிடம் கேட்டேன். "அதைத் தொடாதே" என்றார். தொடவில்லை.

காரைக்குடி பாலிஷ்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. பழுப்பு நூல் ரெண்டு நின்னா நிக்கட்டும், அதைத் துரத்திக்கிட்டே போனா மரம்தான் வெளுக்கும். பாலிஷ் ஏறினதும் அது ரேகையோட ரேகையா போயிடும்.

வெளுப்புக்குச் சாயம் வேண்டாம். அரக்குலயே நிறம் இருக்கு. கடையில செதில் அரக்கும் கிடைக்கும், வட்டு வட்டா பட்டன் அரக்கும் கிடைக்கும். பட்டன் கொஞ்சம் கறுத்த தேன் நிறம். வெளுத்த முனைகள்ல முதல் பூச்சுகளைப் பட்டன் அரக்குல போட்டுட்டு, மற்ற இடத்தோட நிறம் சேர்ந்ததும் பலகை முழுக்கச் செதில் அரக்குல ஓட்டுங்க. தேக்கு காத்துப்பட்டுத் தானும் கறுக்கும், அதனால நிறத்தைக் கொஞ்சம் குறைவாவே நிறுத்துங்க.

ஸ்பிரிட்டும் பிரெஞ்ச் பாலிஷும் நம்ம ஊர்ல கட்டுப்பாடான பொருள். மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழே இதுக்குன்னு 1959-லேயே தனி விதி போட்டிருக்காங்க. லைசென்ஸ் உள்ள கடையில வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்க. அதுல மெத்தனால் இருக்கு, குழந்தைங்க கைக்கு எட்டக்கூடாது, தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. கலக்கி வச்ச பாலிஷ் பழசா இருந்தா காயாம பிசுபிசுன்னே நிக்கும், அதனால அரக்கைத் தனியா வாங்கி நீங்களே ஊறப் போடுங்க. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு நூத்தைம்பது கிராம் அரக்கு, கண்ணாடிப் பாட்டில்ல, ராத்திரி முழுக்க ஊறட்டும், அப்பப்ப குலுக்கி விடுங்க. காலையில மெல்லிசு துணியில வடிகட்டுங்க. கண்ணாடித் துண்டு மேல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. சீக்கிரம் இறுகி நகத்துக்குக் கெட்டியா இருந்தா சரக்கு நல்லது.

நீங்களே போடலாம். பஞ்சைப் பழைய வேட்டித் துணிக்குள்ள வச்சு, அடியில சுருக்கமே இல்லாம உருண்டையா முறுக்கிப் பிடிங்க. துணியை அவுத்துப் பஞ்சுல பாலிஷ் ஊத்தணும், துணியில முக்கி எடுக்கக் கூடாது. ஒரு முனையிலேர்ந்து ஓடிவந்து பலகையைத் தொட்டு, மறுமுனையில ஓடியே வெளியேறணும். விமானம் இறங்கி ஏறுற கணக்கு. நடுவுல நிறுத்தினா அந்த இடம் கிழிஞ்சிடும். மெல்லிசா நிறைய பூச்சு, கனமா ஒரு பூச்சு இல்ல. துணி பலகையில ஒட்டி இழுக்க ஆரம்பிச்சா அதோட அடியில ஒரே ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் தொட்டுக்குங்க. நாலைஞ்சு பூச்சு ஏறினதும் அன்னிக்கு நிறுத்துங்க. மறுநாள் பார்த்தா பாதி மரத்துக்குள்ள இறங்கியிருக்கும், திரும்பப் போடுங்க. வெறும் மரமா இருக்கிற முனைங்க நிறைய குடிக்கும், நடுப்பலகைக்குக் கொஞ்சம் போதும்.

மழை நாள்ல வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிரும், காத்துல இருக்கிற ஈரம் அதுமேல படிஞ்சு பாலிஷ் முழுக்கப் பால் மாதிரி வெளுத்துடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ஆரம்பிக்காதீங்க. மார்கழியில பனி விலகின பிறகு, காலை பத்து மணியிலேர்ந்து மூணு மணிக்குள்ள. தை பிறக்கறதுக்குள்ள தாராளமா முடியும்.

பாலிஷ் இறுக ஒரு வாரம் விட்டுட்டு மெழுகு போடுங்க. தேன்மெழுகு ஒரு பங்குக்கு டர்பன்டைன் மூணு பங்கு. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வச்சுத்தான் உருக்கணும், நேரா தீயில இல்ல. அடுப்பை அணைச்ச பிறகு, வெளியில கொண்டுவந்து டர்பன்டைன் சேருங்க.

கொண்டியைப் பழையபடி இரும்புல மாட்டினா இத்தனை வேலையும் ரெண்டு மழைக்காலத்துல வீண். பித்தளையில போடலாம்னு ஆசை வரும். ஆனா கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேர் உக்காந்து ஆடற பாரம், மெல்லிசு பித்தளைக் கம்பியை நம்பாதீங்க. எஸ்.எஸ். 304-ல, அதாவது துருப்பிடிக்காத எஃகுல, அதே கனத்துக்குக் கொண்டி அடிச்சுத் தரச் சொல்லுங்க, வாஷரும் நட்டும் அதுலயே. துளையோட உள்சுவருக்கும் தூரிகையால ரெண்டு பூச்சு அரக்கு விடுங்க, கறுப்பு உள்ளே நுழைஞ்ச வழியே அந்தத் துளைதான். பித்தளைச் சங்கிலியைப் புளி போட்டு விளக்குறது பலகையில மாட்டறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும்.

காவிரிக்கரை:

கொண்டிக்குப் பட்டறையில் சொல்லியாகிவிட்டது. அரக்கு மார்கழிக்குத் தயாராக வாங்கி வைக்கிறேன். ஒரே ஒரு கேள்வி ஐயா: பாலிஷ் முடிந்ததும் நலங்குக்கு மஞ்சள், சந்தனம் எல்லாம் பலகை மேல் வருமே?

காரைக்குடி பாலிஷ்:

மெழுகு போட்ட பலகைன்னா உடனே துடைச்சா வந்துடும். ஆனாலும் பாய் விரிச்சு, அதுமேல ஜமக்காளம் போட்டு உக்கார வைங்க. ஆரத்தித் தட்டைப் பலகையில வைக்காம கையிலயே பிடிக்கச் சொல்லுங்க. காப்பி டபராவுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டுடுங்க.

இன்னொண்ணு, டர்பன்டைன் துடைச்ச துணிகளைச் சுருட்டி மூலையில போட்டு வைக்காதீங்க. கொடியில விரிச்சுக் காய வச்சு, அப்புறம் குப்பையில போடுங்க. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணின்னா கட்டாயம் இப்படித்தான் செய்யணும், சுருட்டி வச்சா தானே சூடேறிப் பத்திக்கும்.